வழிவிட்ட ட்ரோன்

சாவியோ இருபத்து மூன்று வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். நாற்பத்தொன்பதாவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஏணியில் பாதி ஏறியிருக்கும்போது அவருக்குத் தலை சுற்றியது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். மூடிய கண்ணுக்குள்ளும் உலகம் சுற்றியது. கீழே நின்றிருந்த வேம்பு அதைப் பார்த்துவிட்டு ஏறி வந்தார். சாவியோவின் முதுகுக்குப் பின்னால் இரண்டு கையையும் வேலி மாதிரி ஏணியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக அவரை இறக்கித் தரைக்குக் கொண்டுவந்தார். இருவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

உள்காதில் கோளாறு என்றார் டாக்டர். உயிருக்கு ஒன்றும் ஆபத்தில்லை. ஆனால் இனி உயரம் ஏறக் கூடாது, வண்டியும் ஓட்டக் கூடாது.

நிர்வாகம் அவரை கேட் பாஸ் போடும் அறைக்கு மாற்றியது. சம்பளத்தில் கைவைக்கவில்லை. அதற்கு சாவியோ நன்றியோடுதான் இருந்தார். வீட்டிலும் சொன்னார், ராயபுரம் மாதா கோயிலில் மண்டியிட்டும் சொன்னார். ஆனால் நாற்பது மீட்டர் உயரத்துக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, கடலில் வரிசைகட்டி நிற்கும் கப்பல்களையும் அவற்றுக்கு நடுவே நூல் இழுத்த மாதிரி போகும் காசிமேட்டுப் படகுகளையும் தினமும் பார்த்த கண், இப்போது லாரிகளின் பம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் யாரிடமும் குறைப்படவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் கொஞ்சம் பேச்சு குறைந்துபோனது.

அதைக் கவனித்தவர்கள் கிரேன் கேங்கில் இருந்தார்கள். ஒரு சனிக்கிழமை ஏழு பேரும் சேர்ந்து வீட்டுக்கு வந்தார்கள். வேம்பு ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து நீட்டினார். உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ட்ரோன், நான்கு இறக்கையையும் மடித்துக்கொண்டு, தூங்குகிற வௌவால் மாதிரி இருந்தது.

"நீ மேல போவ வேணாம் மாமு. இத்த அனுப்பு. இது போய்ப் பார்த்துட்டு வந்து உனுக்குச் சொல்லும்" என்றார் வேம்பு.

சாவியோ ட்ரோனைக் கையில் எடுத்து ஒவ்வொரு இறக்கையாக விரித்துப் பார்த்தார். அவர் மனைவி ஞானபாக்கியம் எல்லோருக்கும் காபி கலக்க எழுந்து போனாள்.

மறுநாளே மொட்டை மாடியில் வைத்துப் பறக்கவிட்டார். போன் திரையில் கோயில் கோபுரம் கீழே போனது. தெருக்கள் கோடுகளாயின. திடீரென்று திரை முழுக்கக் கடல். அதன் ஓரத்தில் அவருடைய பழைய கிரேன், கொக்கு மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. தலை கொஞ்சமும் சுற்றவில்லை. அந்த இரண்டு நிமிடமும் அவர் மூச்சுவிட்டாரா என்பதே சந்தேகம்.

அரை மணி நேரத்தில் வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது.

இறங்கியவர் மோகனப்ரியா என்ற பெண் சப் இன்ஸ்பெக்டர். துறைமுகக் காவலர்கள் பார்த்துத் தகவல் கொடுத்திருக்கிறார்கள். "துறைமுகத்துப் பக்கம் ட்ரோன் பறக்கவிடக் கூடாதுன்னு தெரியாதா உங்களுக்கு?"

"தெரியாதும்மா. நான் உள்ள வேலை செய்றவன்தான்."

"உள்ள வேலை செய்றவர்தான் முதல்ல தெரிஞ்சு வச்சிருக்கணும்."

ட்ரோனோடு சாவியோவையும் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவருக்கு அவமானத்தில் காது சூடானது. இந்த வயதில், தெருவே பார்க்க, ஜீப்பில். மோகனப்ரியா அந்த இரண்டு நிமிட வீடியோவை மூன்று தடவை பார்த்தார். இன்ஸ்பெக்டரிடம் போய்ப் பேசினார். எழுதி வாங்கிக்கொண்டார். வீடியோவை அழித்தார். வழக்குப் போடவில்லை. எச்சரித்து அனுப்பலாம் என்று முடிவானது.

அதோடு விட்டிருந்தால் சாவியோ ட்ரோனைப் பரணில் போட்டிருப்பார். மோகனப்ரியா விடவில்லை. பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் போனிலேயே அரசாங்கத்தின் ட்ரோன் இணையதளத்தைத் திறக்கச் சொன்னார். சென்னையின் வரைபடம் வந்தது. அதன்மேல் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் பூசியிருந்தது.

"சிவப்புல பறக்கவே கூடாது. மஞ்சள்னா ஏர்போர்ட் கட்டுப்பாட்டு ஆளுங்க அனுமதி கொடுத்தாத்தான். பச்சைல அனுமதி வேணாம், ஆனா அங்கயும் இவ்வளவு உயரம்தான்னு வரம்பு உண்டு. முதல்ல ட்ரோனைப் பதிவு பண்ணி நம்பர் வாங்குங்க. பகல்ல மட்டும் விடுங்க. உங்க கண்ணுக்குத் தெரியிற தூரத்துக்கு மேல அனுப்பாதீங்க. ஒவ்வொரு தடவையும் கிளம்புறதுக்கு முன்னாடி இந்த மேப்பைப் பாருங்க. இன்னிக்குப் பச்சையா இருக்கிறது நாளைக்கு மாறலாம்."

சாவியோ தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"இன்னொண்ணு. எங்க அண்ணன் ஹெலிகாப்டர் மெக்கானிக். ஒரு பருந்து மோதினாலே கண்ணாடி போயிடும்பான். விமானமாவது ஓடுபாதையைப் பார்த்து நேரா இறங்கும். ஹெலிகாப்டர் காத்துக்கும் மேகத்துக்கும் ஏத்த மாதிரி எந்தப் பக்கம் வேணும்னாலும் தாழ வரும். பக்கத்துல ஹெலிபேடு இருந்தா, பச்சையில நின்னாலும் ஒரு போன் பண்ணிச் சொல்லிடுங்க."

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தபோது, திட்டு வாங்கிய மனிதனைப் போல அவர் நடக்கவில்லை. கிரேன்காரருக்கு இது புதிதில்லை. கீழே நிற்கும் சிக்னல்காரன் கை காட்டாமல் அவர் ஒரு பெட்டியைக்கூடத் தூக்கியதில்லை. வானத்திலும் சிக்னல்காரன் இருக்கிறான் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

பதிவு எண் வந்ததும், அதைச் சின்னதாக அச்சடித்து ட்ரோனின் வயிற்றில் ஒட்டினார். பிறகு மூன்று வாரம் வரைபடத்தோடு மல்லுக்கட்டினார். வடசென்னையில் பறக்க இடம் தேடுவது லேசான காரியமில்லை. துறைமுகம், அனல்மின் நிலையம், எண்ணெய் ஆலை என்று தொட்ட இடமெல்லாம் சிவந்து கிடந்தது. எண்ணூர் தாண்டி, மீஞ்சூர் சாலையில் உள்ளே போனால் ஒரு சின்ன ஏரி. அது பச்சையில் இருந்தது. ஆனால் அதற்குத் தெற்கே ஒரு தனியார் மருத்துவமனை, அதில் ஹெலிபேடு. அதைச் சுற்றி மஞ்சள் வளையம். வளையம் முடிந்து அரை கிலோமீட்டர் தள்ளித்தான் ஏரிக்கரை.

சாவியோ மருத்துவமனைக்குப் போன் போட்டார். வரவேற்பில் எடுத்த பெண்ணுக்கு அவர் கேட்டது புரியவில்லை. மருந்துக்கடைக்கு மாற்றினாள். அங்கிருந்து ஆம்புலன்ஸ் பிரிவுக்கு, அங்கிருந்து காவலாளிக்கு. கடைசியில் ஒரு கனத்த குரல் வந்தது.

"கலீலுல்லா பேசறன். ஹெலிபேடு டூட்டி."

சாவியோ விஷயத்தைச் சொன்னார்.

"இன்னாது, ட்ரோன் வச்சிருக்கிற ஆளு நீயே போன் பண்றியா? நைனா, இதுவரிக்கும் மூணு பேரு ட்ரோனுக்குப் பின்னாடி நான் வேலி தாண்டி ஓடியிருக்கன். போன் பண்ண மொத ஆளு நீதான்."

"பச்சையிலதான் நிக்கறன். இருந்தாலும் சொல்லிட்டு செய்யலாம்னு."

"சொல்லு. எப்போ, எங்க, எம்மாம் உயரம்?"

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஒரு ஒழுங்கு வந்தது. காலைப் பூசை முடிந்ததும் ஞானபாக்கியம் ஸ்கூட்டரை எடுப்பாள். பின்னால் சாவியோ, மடியில் ட்ரோன் பை. திருவொற்றியூர், எண்ணூர், மணலி புதுநகர் என்று போய் ஏரிக்கரையில் இறங்குவார்கள். வரைபடத்தைப் பார்ப்பார். கலீலுல்லாவுக்குப் போன் போடுவார். "இன்னிக்கு ஒண்ணும் வரல நைனா" என்று பதில் வந்தபிறகுதான் இறக்கையை விரிப்பார். சட்டம் அதற்கு மேலும் அனுமதித்தது. ஆனாலும் ஐம்பது மீட்டருக்கு மேல் போவதில்லை என்று தானாகவே ஒரு கோடு போட்டுக்கொண்டார். அவர் திரையைப் பார்ப்பார். ஞானபாக்கியம் வானத்தைப் பார்ப்பாள். முடிந்ததும் "எறக்கிட்டேன்" என்று இன்னொரு போன்.

திரையில் கூழைக்கடாப் பறவைகள் தண்ணீரில் நிழலோடு நீந்தும். பனைமரத் தலைகள் பச்சை நட்சத்திரங்களாகத் தெரியும். தூரத்தில் எண்ணூர்ப் புகைக்கூண்டுகள், அதற்கும் அப்பால் ஒரு நீலக் கோடு. அந்தக் கோடு தெரிந்தால் போதும், சாவியோவுக்கு அந்த வாரம் நல்ல வாரம். சாப்பாட்டு நேரத்துப் பேச்சு திரும்பி வந்தது.

எட்டு மாதம் இப்படிப் போனது. கலீலுல்லாவை அவர் நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் புளியந்தோப்பில் வீடு, அம்மாவுக்கு முட்டிவலி, இரட்டைப் பிள்ளைகள், இவ்வளவும் தெரியும். சாவியோவின் காதுக்கோளாறு கலீலுல்லாவுக்குத் தெரியும். "சுத்தல் எப்படி கீது நைனா?" என்று கேட்காமல் போனை வைக்கமாட்டான்.

நவம்பர் கடைசியில் நான்கு நாள் அடைமழை. ஐந்தாம் நாள் ஞாயிறு. காலையில் மழை விட்டிருந்தது. மேகம் மட்டும் கலையாமல் கூரை மாதிரி தாழ நின்றது. போகலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் கிளம்பினார்கள். ஏரி கரை தொட்டு நிரம்பியிருந்தது. கலீலுல்லா வழக்கம்போல ஒன்றும் வரவில்லை என்றான்.

ட்ரோன் ஏரியின் நடுவுக்குப் போய், முப்பது மீட்டர் உயரத்தில் நின்று, நிரம்பிய தண்ணீரைச் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்தது. பதினைந்து நிமிடம் ஆனதும் சாவியோ திருப்பினார். அப்போதுதான் வாடைக்காற்று எழும்பியது. அவர் முதுகுப் பக்கமிருந்து வீசிய காற்று. திரும்பி வந்த ட்ரோனை அது எதிர்த்து நின்றது. ட்ரோன் ஆமையாக ஊர்ந்தது. பேட்டரி குறைகிறது என்று திரையில் சிவப்பாக எழுத்து வந்தது.

அந்த நேரம் திரையை மறைத்துக்கொண்டு போன் அடித்தது. கலீலுல்லா. சாவியோ ஸ்பீக்கரைத் தட்டினார்.

"நைனா, மேலயா கீற?"

"மேலதான். திரும்பிகினு இருக்கன்."

"எறக்கு. பட்டணத்துக்குப் போவ வேண்டிய ஹெலிகாப்டரு, அங்க மழை பிடிச்சுகிச்சாம், இங்க திருப்பிவுட்டாங்க. இப்பத்தான் எனுக்கே சொன்னாங்க. மேகம் தாழ கீது, அதனால ஏரி மேலதான் வரும். ரெண்டு நிமிசம் கூட இல்ல."

"சத்தம் கேக்குதுங்க" என்றாள் ஞானபாக்கியம். அவள் வடக்கே கை காட்டினாள். ஒன்றும் தெரியவில்லை. மேகத்துக்குள் எங்கேயோ பறையடிப்பது போலத் துடித்துக்கொண்டிருந்தது.

ட்ரோனுக்கும் கரைக்கும் இடையே இன்னும் இருநூறு மீட்டர். இந்தக் காற்றில் அது வந்து சேர நேரமாகும். தானாக வீடு திரும்பும் பட்டன் ஒன்று உண்டு. அதை அழுத்தினால், அல்லது பேட்டரி இன்னும் கொஞ்சம் குறைந்தால் அழுத்தாமலேயே, ட்ரோன் முதலில் ஐம்பது மீட்டருக்கு ஏறும், அப்புறம்தான் திரும்பும். கரையோரம் மின்கம்பி போவதால் சாவியோவே அப்படி அமைத்து வைத்திருந்தார். மேகம் இவ்வளவு தாழ நிற்கும்போது ஹெலிகாப்டரும் கிட்டத்தட்ட அந்த உயரத்தில்தான் வரும்.

யோசித்துக்கொண்டிருக்கும்போதே திரையில் எண்கள் ஓட ஆரம்பித்தன. பத்து, ஒன்பது, எட்டு. எண்கள் முடிந்ததும் அது தானாக ஏறத் தொடங்கிவிடும்.

கிரேனில் அவர் கற்ற முதல் பாடம் ஒன்றுதான். சந்தேகம் வந்தால் சுமையை இறக்கு. எங்கே இறங்குகிறது என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சாவியோ திரும்பும் கட்டளையை ரத்து செய்தார். இடது கட்டை விரலால் ரிமோட்டின் குச்சியைக் கீழே தள்ளி, அப்படியே பிடித்துக்கொண்டார்.

திரையில் தண்ணீர் மேலெழுந்து வந்தது. சுருக்கம் சுருக்கமான பழுப்புத் தண்ணீர், ஒரு தாமரை இலை, பிறகு பச்சை, பிறகு இருட்டு. ஏரியின் நடுவில் ஒரு சின்ன வட்டம் விரிந்து காற்றில் கலைந்தது.

"எறக்கிட்டேன்" என்றார்.

"சரி நைனா." போன் துண்டித்தது.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மேகத்தின் அடிவயிற்றைக் கிழித்துக்கொண்டு ஹெலிகாப்டர் வந்தது. பனைமரங்களுக்குக் கொஞ்சம் மேலே, ஏரியின் நட்டநடுவே. தண்ணீர் சிலிர்த்தது. கரையிலிருந்த கோரைப்புல் எல்லாம் ஒரே பக்கம் படுத்து எழுந்தது. ஞானபாக்கியம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அது தெற்கே போய் மரங்களுக்குப் பின்னால் தாழ்ந்து மறைந்தது.

ட்ரோன் ஏறியிருந்தால் எங்கே போய் நின்றிருக்கும் என்பதை சாவியோவின் கண் அளந்துவிட்டது. சிலுவை போட்டுக்கொண்டு ஈரக்கரையிலேயே உட்கார்ந்தார். ஞானபாக்கியம் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேம்பு அண்ணன் கேங்குக்கு இன்னா சொல்றது?" என்று கேட்டாள் கொஞ்ச நேரம் கழித்து.

"நடந்தத சொல்வோம்."

ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். ஸ்கூட்டரைக் கிளப்பப் போகும்போது கலீலுல்லா மறுபடி கூப்பிட்டான். குரல் மாறியிருந்தது. "பழவேற்காடு பக்கம் தீவுல ஒரு புள்ளத்தாச்சி நைனா. ரோடு தண்ணில போய்ட்ச்சு, படகும் போவல. ரத்தம் நிக்காம வந்திச்சு. இப்பத்தான் ஆபரேசன் முடிஞ்சுது. தாயும் புள்ளையும் நல்லா கீறாங்க. இன்னும் அரை மணி போயிருந்தா சொல்றதுக்கில்லைன்றாரு டாக்டரு. நீ கரையிலதான கீற? வா, ஒரு டீ சாப்புட்டுப் போ. எட்டு மாசமா உம் மூஞ்சையே பாக்கல."

மருத்துவமனையின் பின்வாசலில் ஒரு ஒல்லியான இளைஞன், மழைக்கோட்டு தொளதொளக்க நின்றிருந்தான். முப்பது வயதுகூட இருக்காது. அந்தக் கனத்த குரலுக்குள் இப்படி ஒரு ஆள் இருப்பான் என்று சாவியோ நினைக்கவே இல்லை. அவனும் அவரை மேலும் கீழும் பார்த்தான். "நீ இன்னும் குண்டா இருப்பன்னு நெனச்சன்" என்றான். பிறகு அவர் தோளில் தொங்கிய பையைப் பார்த்தான். அது தட்டையாக இருந்தது.

"மெசின் எங்க?"

"ஏரில."

"எறக்கிட்டேன்னியே."

"எறக்கிட்டேன்தான்."

கலீலுல்லா அவர் கையைப் பிடித்து, ஹெலிபேடு ஓரத்துக்கு விறுவிறுவென்று கூட்டிப்போனான். அங்கே ஒரு பெண் தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காகிதத்தில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். அவர்தான் ஹெலிகாப்டர் ஓட்டி வந்தவர், கேப்டன் நீலா. கலீலுல்லா மூச்சுவிடாமல் நடந்ததைச் சொன்னான்.

நீலா எழுதுவதை நிறுத்திவிட்டு சாவியோவைப் பார்த்தார். "தானா திரும்பி வர்ற பட்டன் இருக்குமே. அதை ஏன் அழுத்தல?"

"அழுத்துனா மேல ஏறும்மா. ஐம்பது மீட்டர் வச்சிருந்தன்."

நீலா பேனாவை மூடினார். "அந்த ஏரியைத் தாண்டும்போது நான் ஐம்பத்தஞ்சுல இருந்தேன். இன்னும் தாழ்ந்துக்கிட்டிருந்தேன். பின்னாடி அந்தப் பொண்ணு கத்திக்கிட்டிருந்தா. மழைத்துளி வேற கண்ணாடியில. நான் எதையும் பார்க்கல. வழியில ஒண்ணுமே இல்ல. எங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனா அதை யார் செஞ்சாங்கன்னு எங்களுக்குத் தெரியவே தெரியாது. இன்னிக்குத் தெரிஞ்சுது."

அவர் இரண்டு கையாலும் சாவியோவின் கையைப் பிடித்துக்கொண்டார். "ரொம்ப நன்றிங்க."

"நானில்ல சொல்லணும்" என்றார் சாவியோ. "இவன் போன் பண்ணான். அதுக்கு முன்னாடி ஒரு போலீஸ்காரம்மா சொல்லிக்குடுத்தாங்க. நான் குச்சிய கீழ தள்ளனன், அவ்ளோதான்."

உள்ளே பிரசவ அறைக்கு வெளியே பெஞ்சில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். புடவையில் முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது. பெயர் கன்னியம்மா, அந்தப் பெண்ணின் தாய் என்று கலீலுல்லா மெதுவாகச் சொன்னான். "இவங்களாண்ட சொல்லட்டா நைனா? நீ இன்னா பண்ணன்னு?"

சாவியோ வேகமாகத் தலையை ஆட்டினார். "வேணாம். இப்பத்தான் அவங்களுக்கு மூச்சு வருது. இதையெல்லாம் சொல்லி பயப்புட வெக்காத."

ஞானபாக்கியம் போய் கன்னியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டீயை நீட்டினாள். கன்னியம்மா வாங்கிக்கொண்டாள். டம்ளர் சாய்ந்து டீ தளும்பியது. ஞானபாக்கியம் டம்ளரின் அடியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க யாரைப் பாக்க வந்தீங்க?" என்று கேட்டாள் கன்னியம்மா.

"எங்க வூட்டுக்காரருக்கு இங்க ஒரு தோஸ்து கீறாரு. அவரைப் பாக்க."

"என் பொண்ணுக்குப் பொண்ணு பொறந்திருக்கு. ஆகாசத்துல வந்து பொறந்திருக்கு." சொல்லிவிட்டு கன்னியம்மா அழுதாள். ஞானபாக்கியமும் சேர்ந்து அழுதாள். சாவியோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கேங் ஆட்களிடம் எல்லாவற்றையும் சொன்னார். நீங்கள் ஆசையாகக் கொடுத்ததைக் காப்பாற்ற முடியவில்லை என்றார். ஏழு பேரும் சாப்பாட்டை வைத்துவிட்டுக் கேட்டார்கள். வேம்பு தன் டிபன் கேரியரிலிருந்து வறுத்த மீனில் பெரிய துண்டாக ஒன்றை எடுத்து சாவியோவின் தட்டில் வைத்தார்.

"வேற ஒண்ணு வாங்கித் தரோம் மாமு."

"வேணாம்பா. நீங்க குடுத்தது வேலை செஞ்சிட்டுத்தான் போயிருக்குது. அது போதும்."

பதிவு எண்ணை ரத்து செய்யும் வழி கேட்க மோகனப்ரியாவுக்குப் போன் செய்தார். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, எந்தப் பக்கத்தில் போய் எதை நிரப்ப வேண்டும் என்று சொன்னார். வைப்பதற்கு முன், "அன்னிக்கு உங்களை ஜீப்ல ஏத்தினதுக்கு எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருந்தது சார்" என்றார்.

"நீங்க ஏத்தலன்னா எனுக்கு இன்னா தெரியும்மா?" என்றார் சாவியோ. "அந்த ஜீப்புக்கு நான் தெனமும் நன்றி சொல்லிகினு கீறன்."

கலீலுல்லாவுக்கு அன்றைய இரண்டு நிமிடம் மறக்கவில்லை. அவன் தன் மேலாளரிடம் பேசி, சாவியோவையும் கூட்டிக்கொண்டு, அந்தச் சுற்றுவட்டாரத்தில் ட்ரோன் வைத்திருப்பவர்களைத் தேடிப் போனான். மீஞ்சூரில் கல்யாணப் படம் எடுக்கும் ஆண்ட்ரூ, திருவொற்றியூரில் கல்லூரி ஆசிரியை ஒருவர், உப்பளத்துக் கணக்கர் ஒருவர். பொங்கலுக்குள் பதினாறு பேர் சேர்ந்தார்கள். போனில் ஒரு குழு ஆரம்பித்தார்கள். ஹெலிகாப்டர் கிளம்பியதும் கலீலுல்லா அதில் ஒரு வரி போடுவான். பதினாறு பேரும் பார்த்தோம் என்று பதில் போட்டால்தான் அவனுக்கு நிம்மதி. போடாதவர்களுக்கு சாவியோ போன் அடிப்பார். சிவப்பு எது, மஞ்சள் எது, திரும்பும் உயரத்தை எவ்வளவு வைப்பது, எப்போது அந்தப் பட்டனை நம்பக் கூடாது என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் அவர்தான் பதில் சொல்வார்.

ட்ரோன் இல்லாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் ஞானபாக்கியமும் ஏரிக்குப் போனார்கள். தை மாதத்தில் ஒரு காலை, வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. ஆண்ட்ரூ தன்னுடைய பெரிய ட்ரோனைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து அருகில் வந்து ரிமோட்டை நீட்டினான்.

"அண்ணே, கொஞ்ச நேரம் நீங்க ஓட்டுங்க. எனக்கு இட்லி சாப்பிடணும்."

சாவியோவுக்குப் புரிந்தது. அவனுக்கு அப்படி ஒன்றும் பசியில்லை. அவர் தயங்கினார். ஞானபாக்கியம் அதற்குள் பாத்திரத்தைத் திறந்து ஆண்ட்ரூவுக்கு இட்லி வைக்கத் தொடங்கிவிட்டாள்.

"பேட்டரி எம்மாம் கீது?" என்று கேட்டுக்கொண்டே அவர் ரிமோட்டை வாங்கினார்.

"நிறைய கீதுண்ணே. நிதானமா ஓட்டுங்க."

ஞானபாக்கியம் இன்னும் இரண்டு இட்லியை ஆண்ட்ரூவின் தட்டில் வைத்துவிட்டு, கைவிரலைத் துடைத்துக்கொண்டு எழுந்து, வானத்தைப் பார்க்க வாகாகக் கரையின் மேட்டில் ஏறி நின்றாள்.